கடனே என்று

போன வருடம் ஜூன் மாதம், மூன்றாவது ஞாயிறு. தந்தையர் தினம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி மகன் காலை ஏழு மணிக்கே ஒரு படம் போட்டுவிட்டான். தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அப்பா சூரியனைப் பார்த்து நடக்கிறார். கீழே தங்க நிற எழுத்தில், ‘சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’. வழக்கம்போல ஏழெட்டுக் கும்பிடு, நாலைந்து பூங்கொத்து. பத்து மணிக்குப் பெரியப்பா மகன், எங்கள் பெரியண்ணன், எழுதினார்: “சில வீட்டில் பெரியப்பா மகனுக்கும் கடனே.” பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை.

குழுவில் 34 பேர். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அண்ணன், நான், அம்மா. அம்மா எதையும் எழுத மாட்டார், ஆனால் ஒன்றையும் விடாமல் படிப்பார்.

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு எழுதினேன்: “அண்ணா, அது புறநானூறு. பொன்முடியார் பாட்டு. அங்கே கடன் என்றால் கடமை. வாங்கின கடன் இல்லை.”

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. “திருப்பிக் கொடுக்கிறவங்களுக்கு அது கடன்மா. கொடுக்காதவங்களுக்கு எல்லாமே கடமைதான்.”

வரி நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அண்ணன் நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் தமிழை ஆசையாகப் படித்தவள், வீட்டில் இரண்டு அலமாரி புத்தகம் வைத்திருப்பவள். எனக்குத் தோன்ற வேண்டிய வரி அவருக்குத் தோன்றிவிட்டது.

அடுத்த நான்கு நாள் நடந்ததை இப்போது மேலே தள்ளிப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பாட்டை முழுதாக அடித்துப் போட்டேன். பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தைக்குக் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன், நன்னடை நல்குவது வேந்தனுக்குக் கடன், களத்தில் யானையை வீழ்த்திவிட்டுத் திரும்புவது காளைக்குக் கடன். “கொல்லன் யாரிடம் வட்டிக்கு வாங்கினான்?” என்று கேட்டேன். “வேலுக்குக் கூலி வாங்கியிருப்பான்ல? சும்மாவா அடிச்சுக் கொடுத்தான்?” என்றார் அண்ணன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறந்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டேன். அவர் தன் மகனின் பழைய பள்ளிக்கூட அகராதியைப் படமெடுத்துப் போட்டார். இரண்டிலும் இரண்டு பொருளும் இருந்தன. நான் என் பொருளுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டேன். அவர் தன் பொருளைச் சுற்றி வட்டம் போட்டார்.

சண்டையை ஆற்ற நினைத்த அத்தை, “என் கடன் பணி செய்து கிடப்பதே” என்று எழுதினார். அப்பர் வாக்கு. எங்கள் மாவட்டத்துப் பாட்டுத்தான், காட்டுமன்னார்கோயில் பக்கம் திருக்கடம்பூரில் பாடியது. நான் சும்மா இருந்திருக்கலாம். “அதற்கு முந்தின அடியில் ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல்’ என்று சிவனுக்கும் ஒரு கடன் சொல்கிறார், அத்தை. பெரியவர்களுக்கும் கடன் உண்டு என்று அர்த்தம்” என்று எழுதினேன். அண்ணன் விடுவாரா? “தாங்கினவன் நான்தான். பணி செஞ்சு கிடந்தது யாருன்னு சொல்லு.”

இதற்கு நடுவில் அத்தை மகன் வந்து, ‘கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்’ என்று கம்பன் பெயரைப் போட்டு ஒரு படத்தை இறக்கினான். அது கம்பராமாயணத்தில் இல்லாத வரி. நான் அதையும் சொல்லித் தொலைத்தேன். அவன் இன்றுவரை என் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்வதில்லை.

நான்காம் நாள் இரவு மாமாவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல்பதிவு வந்தது. அம்மாவின் தம்பி, கடலூர் திருப்பாப்புலியூரில் இருக்கிறார், 31 வருடம் தமிழாசிரியர். பதிவு ஒன்பது நொடி. “பாப்பா, இது மஞ்சக்குப்பம் கேஸாப் போயிடுச்சு. நிறுத்து. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா.”

மஞ்சக்குப்பம் கேஸ் என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். கடலூரில் கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் எல்லாம் இருந்த இடம் மஞ்சக்குப்பம். அங்கேதான் 1869இல் வடலூர் இராமலிங்க அடிகள் மீது யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் போட்ட வழக்கு நடந்தது. மாமா சின்ன வயதிலிருந்தே தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர். வழக்கைப் பற்றிய பக்தர் கதை அவருக்கு மனப்பாடம். இராமலிங்கர் கோர்ட்டுக்குள் வந்ததும் கூடியிருந்த எல்லோரும் எழுந்தார்களாம், வழக்குப் போட்ட நாவலரும் தன்னை அறியாமல் எழுந்துவிட்டாராம், “நீங்களே எழுந்து மரியாதை செய்கிறீர்களே, அப்புறம் என்ன வழக்கு?” என்று நீதிபதி தள்ளிவிட்டாராம். இராமலிங்கர் பாடிய பாடல்கள் தெய்வ அருட்பாவா வெறும் மருட்பாவா என்று ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னதாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்படி ஒரு வழக்கே இல்ல பாப்பா” என்றார் மாமா. “அது மானநஷ்ட வழக்கு. சிதம்பரம் கோயில்ல கூட்டம் போட்டு என்னைத் திட்டினாங்கன்னு நாவலர் போட்டது. இராமலிங்கரோட தீட்சிதர்களையும் சேர்த்துத்தான் இழுத்தார். திட்டினது உண்டா இல்லையாங்கறதுதான் கேள்வி. அருட்பாங்கற சொல்லுக்கு எந்த ஜட்ஜ் பொருள் சொல்ல முடியும்?” இராமலிங்கர் விடுவிக்கப்பட்டார். சொல்லைப் பற்றிய சண்டை அப்படியே நின்றது. அடுத்த நாற்பது வருடத்துக்கு நின்றது.

அந்த ஞாயிறு மாமா வீட்டுத் திண்ணையில் கேட்டதையும், பிறகு ஆர்வத்தில் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் கதை எனக்கு என் சண்டையைவிடப் பிடித்துப்போய்விட்டது.

இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வயது. நாவலர் பிறந்தது 1822 டிசம்பரில், நல்லூரில். இராமலிங்கர் 1823 அக்டோபரில், சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில். பத்து மாத வித்தியாசம். இருவரும் சைவர்கள். நாவலர் பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். அதே கையால் மிஷனரிகளுக்கு மறுப்பு எழுதினார், வண்ணார்பண்ணையிலும் சிதம்பரத்திலும் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார், அச்சுக்கூடம் வைத்தார், ஏடுகளைப் பிழை பார்த்துப் பதிப்பித்தார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த பட்டம்தான் நாவலர். இராமலிங்கர் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை.

அதே 1867இல்தான் சென்னையில் அவருடைய பாடல்கள் புத்தகமாக வந்தன. தொகுத்துப் பதிப்பித்தவர் தொழுவூர் வேலாயுத முதலியார். தலைப்பு ‘திருவருட்பா’. உள்ளே பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்று பெயர். இராமலிங்கரைக் கேட்டிருந்தால் இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம். புத்தகம் கொண்டுவரப் பாடுபட்ட அன்பருக்கு எழுதிய கடிதத்தில், தன்னை இராமலிங்கசாமி என்று வழங்குவதே தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமான பெயராகத் தோன்றுகிறது என்று சொன்னவர் அவர். பெயரில் ‘சாமி’ வேண்டாம் என்றவருக்கு அட்டையில் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று வந்தது.

நாவலருக்கு அங்கேதான் பற்றிக்கொண்டது. அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சைவ மரபில் அருட்பா என்பது வெறும் பாராட்டு இல்லை. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று கோயிலில் பூசை முடிவில் ஓதும் வரிசை ஒன்று உண்டு. அவைதான் அருட்பா. திருமுறை என்றால் பன்னிரண்டு, பதின்மூன்றாவது கிடையாது. அந்த இடத்தில் நேற்று எழுதிய பாட்டைக் கொண்டுவந்து வைத்தால், வாழ்நாள் முழுக்க ஏட்டைத் தூசி தட்டியவனுக்கு எப்படி இருக்கும்? நாவலர் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதினார். அந்தப் பக்கத்தார் அதற்குக் கண்டனம் எழுதினார்கள். கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்புக்குக் கண்டனம்.

இலக்கணமாகப் பார்த்தால் சண்டை மொத்தமும் எழுதப்படாத ஒரு துண்டில் இருக்கிறது. ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோமே, அது இதுதான். அருட்பா என்பதை ‘அருளால் பாடப்பட்ட பா’ என்று விரித்தால், பாடியவர் வாய் மட்டும்தான், உள்ளே இருந்து பாடியது இறைவன். அப்படி ஒரு நூலுக்குப் பெயர் வைக்க உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி நியாயமானது. ‘அருளை வேண்டிய பா’ என்று விரித்தால் யாருக்கும் தகராறு இல்லை, நீங்களும் நானும்கூட ஒரு அருட்பா எழுதலாம். ‘ஆல்’ ஒளிந்திருக்கிறதா, ‘ஐ’ ஒளிந்திருக்கிறதா? கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் யாருக்கும் சண்டை இல்லை.

எதிர்த்தரப்பு வைத்த பெயர் மருட்பா. மருள் என்றால் மயக்கம், எனவே மயக்கப் பாட்டு என்று கேலி. வேடிக்கை என்னவென்றால் யாப்பிலக்கணத்தில் மருட்பா என்று ஒழுங்கான ஒரு பா வகையே இருக்கிறது. வெண்பாவில் தொடங்கி ஆசிரியப்பாவில் முடிவது. புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து என்று நல்ல நல்ல விஷயங்களுக்கு அதைப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். வசவாக எறிந்த சொல்லை எடுத்துப் பார்த்தால் இலக்கணப் புத்தகத்தில் வாழ்த்தாக உட்கார்ந்திருக்கிறது. சண்டையின் மும்முரத்தில் இதையெல்லாம் ரசிக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

நாவலர் என்ற பட்டத்தையும் விடவில்லை என்கிறார்கள். நாவில் வல்லவர் நாவலர். அதையே நா, அலர் என்று பிரித்தால்? அலர் என்றால் மலர், ஊர் பேசும் பழியும் அலர்தான். அந்தப் பக்கத்தார் எந்த அலரை எடுத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போது மாமா சிரித்தார். “சொல்லைப் பிரிச்சுத் திட்டறது தமிழ் வாத்தியாருங்களுக்குத் தண்ணி பட்ட பாடு.”

இராமலிங்கர் 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாவலர் 1879 டிசம்பரில் காலமானார். சண்டை காலமாகவில்லை. 1903இல் சென்னையில் மேடை போட்டு வாதாடினார்கள். மருட்பா என்ற பக்கத்தில் மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை. அருட்பா என்ற பக்கத்தில் பிற்காலத்தில் மறைமலையடிகள் ஆன வேதாசலம். கோட்டாற்றிலிருந்து வந்த செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவுக்காகப் பேசினார். சைவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்ற சண்டையில் ஒரு முஸ்லிம் புலவர் வள்ளலாருக்காக வாதாடியது எனக்கு மிகவும் பிடித்த இடம். மறுபடியும் வழக்கு, மறுபடியும் கோர்ட்டு. கதிரைவேற்பிள்ளையின் மாணவரான திரு.வி.க. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய், பள்ளித் தேர்வையே கோட்டைவிட்டார். பின்னாளில் தொழிற்சங்கம் கட்டிய அதே திரு.வி.க.தான்.

இதில் எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்த இடம் ஒன்று உண்டு. கதிரைவேற்பிள்ளை ஒரு பெரிய தமிழ் அகராதி தொகுத்தவர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஏழெட்டுப் பொருள் வரிசையாக எழுதிய கை. அதே கைதான் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான், அது எங்கள் வீட்டுப் பொருள்தான் என்று கண்டனமும் எழுதியது. அவருடைய கண்டனத்தின் பெயர் ‘இராமலிங்கபிள்ளை பாடல் ஆபாச தர்ப்பணம்’. இன்றைக்கு இதைப் படிக்கிறவர் ஏதோ அசிங்கமான பாட்டுக்கு அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதாக நினைப்பார். ஆபாசம் என்றால் அந்தக் காலத்துத் தர்க்க நூல்களில் போலி, குற்றமுள்ள தோற்றம். தர்ப்பணம் என்றால் இங்கே கண்ணாடி. குற்றங்களைக் காட்டும் கண்ணாடி. நூறு வருடத்தில் தலைப்பே அவரை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். “சரி, உங்க சண்டைக்கு வருவோம். எது தொக்கி நிக்குது?”

“என்ன மாமா?”

“தொகையில உருபு மறைஞ்சு நிக்கும்ல. உங்க ரெண்டு பேர் பேச்சுல எது மறைஞ்சு நிக்குது? அவன் பணத்தைக் கேக்கறானா?”

இல்லை. அண்ணன் பணம் கேட்கிறவர் இல்லை. அது எனக்குத் தெரியும், அதனால்தான் அகராதியைத் தூக்கினேன். பணம் கேட்டிருந்தால் மறுநாளே அனுப்பியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும்.

2004ஆம் வருடம். எனக்கு இன்ஜினியரிங் கிடைத்துவிட்டது, கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருந்தது. அப்பாவுக்கு எதிர்பார்த்த பணம் வரவில்லை. அண்ணன் நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து, திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்தில் டீக்கடை வாசலில் நின்றார். காக்கி நிற உறை, மேலே ஒரு இரும்புக்கடையின் பெயர் அச்சடித்திருந்தது. உள்ளே 32,500 ரூபாய். அப்பா அதை வாங்கும்போது கை நீட்டாமல் ஒரு நொடி நின்றதைப் பார்த்தேன். “இது கடன்தாம்பா. எழுதி வச்சுக்கிறேன்” என்றார் அப்பா. அண்ணன் சொன்னார், “என்ன சித்தப்பா பேச்சு இது? தங்கச்சிக்குச் செய்யறது என் கடமை.”

இதை மாமாவிடம் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்குக் கடன் என்றது எங்கள் வீடு, கடமை என்றது அண்ணன். 20 வருடம் கழித்து அவர் கடன் என்கிறார், நான் கடமை என்கிறேன். இரண்டு பேரும் அடுத்தவர் சொல்லைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

“நடுவுல என்ன ஆச்சு?” என்றார் மாமா. அவருக்குத் தெரியும். என் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தார்.

நடுவில் ஆனது 2023இல் அண்ணன் மகள் கல்யாணம். நான் பெண்ணுக்கு அத்தை. அண்ணனுக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது, அத்தை முறைக்கு நான்தான். ஆபீசில் ஒரு வேலை கழுத்தை நெரித்தது. முதல் நாள் ரிசப்ஷனுக்குச் சென்னையிலிருந்து காரில் போனேன். மேடையேறிக் கவரைக் கொடுத்தேன், போட்டோவுக்கு நின்றேன், பந்தியில் அரை இலை சாப்பிட்டேன், ஒன்பதரைக்குக் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை நலங்கு வைக்க அத்தையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு முறை கூப்பிட்டார்களாம். பிறகு பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து வைத்திருக்கிறார்.

“அண்ணிக்காரி அன்னைக்கு ஒரே வார்த்தைதான் சொன்னா. ‘கடனேன்னு வந்துட்டுப் போயிட்டா.’ அதை உங்கண்ணன் கேட்டுட்டு நின்னான்” என்றார் மாமா.

தமிழில் கடன் என்ற சொல் எங்கெங்கோ போயிருக்கிறது. எழுந்ததும் முடிப்பது காலைக்கடன், சாமிக்குச் செய்வது நேர்த்திக்கடன், செத்தவருக்குச் செய்வது இறுதிக்கடன். அதே குடும்பத்துக் கடமை என்ற சொல் சோழர் கல்வெட்டில் நிலவரியாக நிற்கிறது. பொன்முடியார் ‘கடனே’ என்று முடித்த அந்த ஏகாரத்தில் என்ன ஒரு நிமிர்வு! இன்றைக்கு அதே ‘கடனே’யைச் சொன்னால், மனசில்லாமல் ஒப்புக்குச் செய்வது என்று பொருள். கடனேன்னு பெருக்கினா, கடனேன்னு சாப்பிட்டான், கடனேன்னு வந்துட்டுப் போனா. நாலு நாளாக நான் மேற்கோள் காட்டிய இலக்கியங்களில் இந்தப் பொருள் மட்டும் வரவே இல்லை. அண்ணன் மனதில் இருந்தது இது ஒன்றுதான்.

அன்று மாலை அம்மாவைப் பார்க்கப் போனேன். அப்பா 2019இல் தவறிவிட்டார். அவருடைய கணக்கு நோட்டுகளை அம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். எடுத்துப் பார்த்தேன். அப்பா நீல மையில், கோணல் இல்லாத கையெழுத்தில் எழுதுவார். 2004 நோட்டில் இருந்தது: ‘அண்ணன் மகனிடம், பாப்பா ஃபீஸ், 32,500. கடன்.’ 2009 நோட்டையும் புரட்டினேன். நான் வேலைக்குப் போன வருடம். ‘நெய்வேலி போனேன். 32,500 கொடுத்தேன். வாங்கவில்லை. பாப்பா கல்யாணத்துக்கு ஆகட்டும் என்றான். திரும்பக் கொண்டுவந்தேன்.’ அதற்குக் கீழே பஸ் கட்டணம் தனியாக எழுதியிருந்தது.

கையில் இருந்தது வெற்றி. ஒரே ஒரு படம் போதும். கொடுக்கப் போனோம், நீங்கள்தான் வாங்கவில்லை, அப்படியென்றால் அது கடமைதானே என்று முடித்துவிடலாம். 34 பேர் பார்ப்பார்கள். நோட்டை ஜன்னல் ஓரம் கொண்டுபோய், வெளிச்சம் பார்த்து, படம்கூட எடுத்துவிட்டேன். குழுவைத் திறந்தேன். கடைசியாக அண்ணன் போட்ட வட்டம் போட்ட அகராதிப் பக்கம் இருந்தது. அதற்கு மேலே என் சிவப்புக் கோடு.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “அதையும் போடப் போறியா?” என்று கேட்டார். திட்டவில்லை, சும்மாதான் கேட்டார்.

படம் இன்னும் போனில் இருக்கிறது. அனுப்பவில்லை.

பொன்முடியார் பாட்டில் ஒரு விஷயத்தை அண்ணனிடம் சொல்லாமல் மறைத்திருந்தேன். ‘நன்னடை நல்கல் வேந்தற்குக் கடனே’ என்று நான் போட்ட வரிக்கு, ‘தண்ணடை நல்கல்’ என்று இன்னொரு பாடம் உண்டு. நன்னடை என்றால் நல்ல நடத்தை. தண்ணடை என்றால் வயலும் தண்ணீருமாக இருக்கிற மருதநிலத்து ஊர், வீரனுக்கு அரசன் கொடுக்கும் மானியம். அரசனுடைய கடன் புத்தி சொல்வதா, நிலம் கொடுப்பதா? மூன்றே எழுத்தில் மாறிப்போகும். தண்ணடைதான் பொருத்தம் என்று எனக்கே தோன்றும். அது அண்ணன் கட்சிக்கு உதவும் என்று நன்னடையைப் போட்டேன். நாவலருடைய நேர்மை எனக்கு இல்லை. அவர் பாடபேதத்தை மறைக்கிற பதிப்பாசிரியர் இல்லை.

ஆவணி மாதம் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து என்று தகவல் வந்தது. அழைப்பு குழுவில் பொதுவாகப் போட்டிருந்தார்கள், எனக்குத் தனியாக இல்லை. மூன்று நாள் லீவு சொன்னேன். முதல் நாள் காலையிலேயே நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன், காரில் போகத் தோன்றவில்லை. கையில் ஒரு ஜோடி சின்னத் தோடு, பூ, பழம். வழியில் வடலூரில் வண்டி நின்றபோது தருமச்சாலைப் பக்கம் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன பேசுவது என்று நாலைந்து வாக்கியம் தயார் செய்திருந்தேன். ஒன்றிலும் கடன் என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மேலே கயிறு கட்டுகிறவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், “வா” என்றார், மறுபடி கயிற்றைப் பார்த்தார். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றேன். தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

அண்ணி உள்ளேயிருந்து வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். என்னையும் தட்டையும் ஒரு தடவை பார்த்தார்.

“ஏன் வாசல்லயே கடனேன்னு நிக்கிற? உள்ள வா. நாளைக்கு நலங்கு மஞ்சள் அரைக்கணும்.”